முதல் வேலை: கையெழுத்துப் போடும் முன்

வணக்கம் ஐயா,

பட்டப்படிப்பை இப்போதுதான் முடித்தேன். இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றில் ஆண்டுச் சம்பளம் அதிகம், ஆனால் இரண்டு வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள். மற்றதில் சம்பளம் குறைவு, நான் படித்த துறையிலேயே வேலை. வீட்டில் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆயுளுக்கும் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

க.

அன்புள்ள க.,

முதல் வேலையில் ஆயுளுக்கும் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. அப்படி மாட்டுகிறவர்களைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் படிக்காமல் போட்ட கையெழுத்து, அல்லது முதல் சம்பளத்தோடு தொடங்கிய மாதத் தவணை.

முதலில் அந்த "ஆண்டுச் சம்பளம்" என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 100 என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 செயல்திறனைப் பொறுத்த ஊக்கத்தொகை, இன்னொரு 15 நிறுவனம் ஓய்வுகாலத்துக்கும் காப்பீட்டுக்கும் கட்டுவது என்றால், மாதாமாதம் வருவது 70-ஐ 12-ஆல் வகுத்த தொகைதான். 8.3 வரும் என்று கணக்குப் போட்டவர் கைக்கு 5.8 வருகிறது, வரி அதிலிருந்தும் போகும். ஆகவே இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பிடித்தம் எல்லாம் போக மாதம் வங்கியில் விழுவது எவ்வளவு? இரண்டு வேலைக்கும் நடுவே தெரிந்த வித்தியாசம் பாதியாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையுமா, அவர்களே உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா. மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள், அங்கே விட்டு வராதீர்கள். ராஜினாமா கொடுத்த பிறகு எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மூன்று மாதம் என்றால், அடுத்த இடத்தில் அவ்வளவு நாள் காத்திருக்காமல் போகலாம். வேலை கொடுக்க முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

பணத்தில் ஒரே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவைத்தால், மீதி இரண்டு பங்கில் வாழ்கிறீர்கள். அதாவது ஒவ்வொரு மாதமும் அரை மாதச் செலவு சேர்கிறது. பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதச் செலவு கையில் இருக்கும். கால் பங்குதான் முடியும் என்றால் அதே இடத்துக்கு வர பதினெட்டு மாதம். அந்த ஆறு மாதப் பணம் இருப்பவர்தான் மோசமான வேலையை விட்டு வெளியே வர முடியும். சம்பளம் விழும் அன்றே அது வேறு கணக்குக்குத் தானாகப் போகட்டும். மாதக் கடைசியில் மிச்சத்தைச் சேர்க்கலாம் என்றால் மிச்சமே இருக்காது.

அதுவரை தவணையில் வண்டி, போன் எதுவும் வேண்டாம். கிரெடிட் கார்டு இருந்தால் முழு பாக்கியையும் கட்டுங்கள். மாதம் 3 சதவீத வட்டி சின்னதாகத் தெரியும், வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வேலையைக் கற்றுக்கொள்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேர்வுக்கு அதுவே அடிப்படை. "நான் செய்ததை யார் பார்த்துத் திருத்துவார்கள்?" என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். இன்னார் என்று பதில் வரும் இடத்தில் ஒரு வருடத்தில் தொழில் கைவரும். சேர்ந்த பிறகு எங்காவது சிக்கினால் அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். பிறகு போய், என்ன செய்தீர்கள், என்ன பிழை வந்தது, எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். "வரவில்லை" என்று மட்டும் சொன்னால் சொல்லிக்கொடுப்பவர் எங்கிருந்து தொடங்குவார்? வாரக் கடைசியில் அந்த வாரம் முடித்ததை எண்களோடு மூன்று வரி எழுதிவையுங்கள். சம்பள உயர்வு பேசும்போது நினைவில் இருப்பது கடைசி இரண்டு மாதம்தான், உங்களுக்கும் மேலாளருக்கும்.

குறைந்த சம்பளத்தில் செலவு போகக் கொஞ்சமாவது மிஞ்சும், திருத்த ஆளும் உண்டு என்றால், நான் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன். மேலே சொன்ன கேள்விகளை நாளைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதில் எழுத்தில் வரட்டும். வந்ததும் இரண்டு கைச்சம்பளத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வீட்டில் காட்டுங்கள்.