விறகுக் கொதிகலனுக்கு எந்தக் கல்?

கேள்வி: விறகில் எரியும் சிறிய வெந்நீர்க் கொதிகலன் ஒன்றை இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்து நானே செய்தேன். எரியறையின் உட்புறம் சாதாரண சிமென்ட்டும் மணலும் கலந்து பூசிய பூச்சு சில வாரங்களிலேயே பொரிந்து உதிர்ந்துவிட்டது. வெப்பம் நன்றாகத் தாங்கும் என்று சொல்லப்படும் இலேசான வெண்ணிறச் செங்கல்லை இப்போது பதிக்கலாமா?

பதில்: பூச்சு உதிர்ந்ததற்கு உங்கள் கைவேலை காரணமல்ல. சாதாரண சிமென்ட் இறுகும்போது அதனுள் உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரை இழந்து சுண்ணாம்பாகிறது. அடுப்பு ஆறியதும் அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மறுபடியும் பருத்து, பூச்சை உள்ளிருந்தே பிளக்கிறது. போதாக்குறைக்கு, மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது.

வெண்ணிறக் கல்லைத் தீ நேரடியாகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம். அது 1,200 டிகிரிக்கு மேலும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் விறகு அடுப்பில் கல்லைத் தின்பது வெப்பத்தைவிடச் சாம்பலே. விறகுச் சாம்பலில் நிறைந்துள்ள பொட்டாசியமும் கால்சியமும் கடும் சூட்டில் கல்லின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிபோல் உருகுகின்றன. துளைகள் மிகுந்த கல் அந்த உருகலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். விறகுக்கட்டை மோதினாலே அதன் முனை உடைந்துவிடும் என்பது வேறு.

ஆகவே தீயின் பக்கம் அடர்த்தியான தீச்செங்கல்லையும் (கடும் வெப்பம் தாங்கும் களிமண் செங்கல்), அதன் பின்னால் வெப்பம் கடத்தாத அந்த இலேசான கல்லையும் வைப்பதே முறை. அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, 30 முதல் 45 விழுக்காடு உள்ள சாதாரண தீச்செங்கல் பெரும்பாலான எரியறைகளுக்குப் போதும். சுவாலை குறுகிப் பாயும் கழுத்துப் பகுதிக்கு மட்டும் அலுமினா 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதைத் தேடலாம். அலுமினா கூடக்கூட எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சாம்பலின் காரத்தைத் தடுக்க நுண்துளைகள் குறைவாக இருப்பதும் அதே அளவு முக்கியம். கற்களை வெப்பம் தாங்கும் சாந்தான நெருப்புக் கலவையால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத இணைப்பாக ஒட்டுங்கள். ஒரு மீட்டர் நீளச் சுவர் 1,000 டிகிரியில் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும் என்பதால், இரும்புச் சுவரை ஒட்டி இடைவெளி விடுங்கள்.

வளைந்த இடங்களுக்குக் கால்சியம் அலுமினேட் சிமென்ட் கொண்ட வார்ப்புக் கலவை, அதாவது காஸ்டபிள், பொருந்தும். பையில் குறித்த அளவுக்கு மேல் ஒரு குவளைத் தண்ணீரும் சேர்க்காதீர்கள். வார்த்ததை ஒரு நாள் ஈரம் காயாமல் மூடிவைத்து, பின் பல நாள் உலரவிட்டு, முதல் தீயைச் சிறு சுள்ளிகளால் மூட்டி, 110 டிகிரி அளவில் பல மணி நேரம் நிறுத்தி மெல்ல மெல்லச் சூட்டை உயர்த்துங்கள். அவசரப்பட்டால் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வார்ப்பை வெடிக்கச் செய்யும். நல்ல பொருள் வாங்கியவர்களும் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கல் பதிப்பதை எரியறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விறகுப்புகை முழுதாக எரிய அங்கே சூடு தங்க வேண்டும்; அதற்கு அப்பால் புகை செல்லும் வழியில் இரும்பு வெறுமையாக இருந்தால்தான் வெப்பம் தண்ணீருக்குப் போய்ச்சேரும்.

கேள்வி: பின்னால் வைக்க இலேசான கல்லுக்குப் பதிலாக, வெப்பம் தாங்கும் இழைகளால் ஆன செராமிக் ஃபைபர் போர்வை போதாதா?

பதில்: வெப்பத்தைத் தடுப்பதில் அது மிகச் சிறந்தது, ஆனால் அதன் இழைகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. கல்லுக்கும் இரும்புக்கும் இடையே முற்றிலும் அடைபட்டிருக்குமாறு மட்டும் வையுங்கள்; வெட்டும்போது இழைகளை வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள். கடும் சூட்டில் பழசான போர்வையில் கிரிஸ்டபலைட் என்னும் தீங்கான சிலிக்கா உருவாகியிருக்கும் என்பதால், அதைப் பிரிக்கும் நாளில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கை வையுங்கள்.