பழைய நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன் செய்ய எந்த மென்பொருள்?

வணக்கம். ஸ்கேனரோடு வந்த மென்பொருள் புதிய கணினியில் ஓடவில்லை, வேறொன்றில் கலர் நெகட்டிவ்கள் நீலம் பாய்ந்து வருகின்றன, வியூஸ்கேனா சில்வர்ஃபாஸ்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வியூஸ்கேன்தான் சரி. தயாரித்தவர்களே கைவிட்ட பல ஸ்கேனர்களையும் அது ஓட்டும். சில்வர்ஃபாஸ்டும் நல்லதுதான், ஆனால் அதன் உரிமம் ஸ்கேனர் மாடலைப் பொறுத்தது. ஸ்கேனரை மாற்றினால் மறுபடி செலவு.

நீலத்துக்குக் காரணம் நெகட்டிவின் ஆரஞ்சு அடிநிறம், நிறங்களைத் திருப்பும்போது அது நீலமாகிவிடும். வியூஸ்கேனில், ஃபிலிமில் படம் விழாத வெற்றுப் பகுதியை மட்டும் தேர்ந்து முன்னோட்டம் பாருங்கள். எக்ஸ்போஷரை, அதாவது ஒளி அளவை, மாறாதபடி பூட்டுங்கள். அப்புறம் இன்னொரு முன்னோட்டம் எடுத்து, ஃபிலிம் அடிநிறத்தையும் பூட்டுங்கள். அந்த ரோல் முழுவதற்கும் இதுவே போதும், ஒவ்வொரு படமாகப் போராட வேண்டாம். ஸ்லைடுக்கு இந்த வேலையே இல்லை.

தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதி உங்கள் ஸ்கேனரில் இருந்தால் கலர் ஃபிலிமுக்குப் போடுங்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள வெள்ளித் துகள்களையும் தூசி என்றே எடுத்துக்கொள்ளும். நான் ஒருமுறை அணைக்க மறந்து, தாத்தாவின் முகச் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழுவழுவென்று வந்துவிட்டது. அத்தனையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். கோடாக்ரோம் என்ற பழைய கோடாக் கலர் ஸ்லைடுகளிலும் இதே தொல்லை வரலாம்.

வாங்குமுன் வியூஸ்கேனின் இலவசப் பதிப்பில் உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா பாருங்கள், படத்தில் முத்திரை விழும், அவ்வளவுதான். மூலக் கோப்பை 16 பிட் டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) ஆகவே சேமியுங்கள்.