பூச்சி ஊருதுன்னு சொன்ன ராத்திரி

வணக்கம் அண்ணா,
என் வீட்டுக்காரர் பன்னெண்டு வருஷமா குடிக்கிறார். போன மாசம் பையன் தலையில கைவச்சு சத்தியம் பண்ணி ஒரே நாள்ல நிறுத்தினார். மறுநாள் காலையிலயே கை உதறல், மூணாம் நாள் ராத்திரி செவுத்துல பூச்சி ஊருதுன்னு துடைச்சுக்கிட்டே இருந்தார். பயந்துபோய் நானே வாங்கிக் குடுத்துட்டேன், அடங்கிட்டார். இப்போ பழையபடி. "அவனுக்கு மனசு இல்ல"ங்கிறாங்க எல்லாரும். சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்க மாத்திரை இருக்காமே, குடுக்கலாமா?
(பேர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

கலந்து குடுக்கவே குடுக்காதீங்க. நீங்க கேள்விப்பட்டது டைசல்ஃபிராமா இருக்கும். சரக்கு உடம்புல உடையறப்போ நடுவுல அசிடால்டிஹைடுன்னு ஒரு விஷம் வரும், ஈரல் அதை உடனுக்குடன் கழிச்சுடும், இந்த மாத்திரை அந்த வழிய அடைச்சுடும். அதுக்கு மேல குடிச்சா வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கும், உயிரே போகலாம். தெரிஞ்சு சாப்பிடறவர் பயந்து குடிக்காம இருப்பார், மாத்திரையோட வேலையே அந்த பயம்தான். தெரியாதவர் வழக்கம்போல குடிச்சுட்டு வந்து நிப்பார்.

அப்புறம் இந்த "மனசு இல்ல". எங்க மாமா ஒருத்தர் டைலர். காலையில ஊசியில நூல் கோக்க வராது, நூல் முனை காதைச் சுத்திச் சுத்தி ஆடும். ஒரு கிளாஸ் உள்ள போனா கொஞ்ச நேரத்துல அதே விரல் கோத்துடும். சின்னப் பசங்க நாங்க அதை வித்தை மாதிரி பார்ப்போம்.

சரக்கு மூளைய அமுக்குது, காபாங்கிற அடக்கற சமாச்சாரத்தை ஏத்தி, குளுட்டமேட்ங்கிற கிளப்பற சமாச்சாரத்தை இறக்கி. வருஷக்கணக்கா அமுக்கினா மூளை சும்மா இருக்குமா, கதவை வெளிய இருந்து ஒருத்தன் தள்ளினா நாம உள்ள இருந்து முட்டுக்குடுப்போமே அப்படி அதுவும் எதிர்ப்பக்கம் முட்டிக்கிட்டே இருக்கும், திடீர்னு வெளிய தள்றவன் விலகிட்டா முட்டுக்குடுத்தவன் வாசல்ல குப்புற விழுவான்ல, உங்க வீட்டுக்காரர் விழுந்தது அப்படித்தான். சில மணி நேரத்துல நடுக்கம், முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு ஃபிட்ஸ், ரெண்டுல இருந்து நாலு நாளுக்குள்ள டெலிரியம், அதாவது புத்தி குழம்பி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியறது. நான் டாக்டர் இல்ல, ஆனா அந்தப் பூச்சி அதோட ஆரம்பமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுல செத்தவங்க உண்டு. அதனால வாங்கிக் குடுத்ததுக்கு உங்களையே திட்டிக்காதீங்க, ஆனா வீட்ல வச்சு இன்னொரு சத்தியமும் வேண்டாம்.

நிறுத்தறது ஆஸ்பத்திரியில நடக்கட்டும். லோராசெபாம், குளோர்டயசெபாக்சைடு மாதிரி மாத்திரை குடுத்து தினம் குறைச்சுக்கிட்டே வருவாங்க, தயமின்ங்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவாங்க (குடிக்கிறவங்களுக்கு அது ரொம்பக் குறைஞ்சிருக்கும், அதை விட்டா ஞாபகமே போயிடலாம்). ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பு தெளிஞ்சுடும், எல்லாரும் ஏமாறுறது அங்கதான், குணமாயிடுச்சுன்னு கூட்டிட்டு வந்துடுவாங்க. வைத்தியமே அதுக்கப்புறம்தான். ஆசைய மட்டுப்படுத்த நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இருக்கு, எது ஒத்துக்கும்னு ஈரல், கிட்னி பார்த்து சொல்வாங்க. கவுன்சிலிங் கட்டாயம். 1935ல ரெண்டு குடிகாரங்க சேர்ந்து ஆரம்பிச்ச ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா கூடி பேசற) கூட்டமும் பலருக்கு பிடிமானம், மாமா அங்க போயும் ரெண்டு தடவை சறுக்கினார், மூணாவதா நின்னார். உங்கள மாதிரி வீட்டுக்காரங்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு, போங்க.

ராத்திரி போதையில பேசாதீங்க, காலையில கேளுங்க. போறப்போ எத்தனை வருஷம், தினம் எவ்ளோ, கடைசியா எத்தனை மணிக்கு குடிச்சார்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. பூச்சி விஷயத்தை முதல் வரியில எழுதுங்க, ஒரு தடவை அப்படி வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு ஜாஸ்தி, டாக்டர் மருந்து அளவை அதை வச்சுத்தான் யோசிப்பார்.