ஏழு நாடா, ஒரு மூலையா?

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவியின் தம்பி புதுச்சேரியில் பெண் எடுத்து, அப்படியே பிரெஞ்சுக் குடியுரிமையும் வாங்கி, இப்போது பாரிஸை அடுத்த சார்செலில் இருக்கிறார். ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்கள், அடுத்த வருஷம் போகலாம் என்று இருக்கிறோம். இங்கே டிராவல்ஸில் கேட்டால் பத்து நாளில் ஏழு நாடு என்கிறார்கள். மைத்துனரோ ஈஃபில் கோபுரமும் டிஸ்னிலேண்டும் போதும் என்கிறார். எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மனைவி சைவம், பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. நம் ஆட்கள் அதிகம் போகாத, ஆனால் போனால் வீணாகாத இடம் ஏதாவது உண்டா?

செ., மஞ்சக்குப்பம்

அன்புள்ள செ.,

ஏழு நாடு வேண்டவே வேண்டாம். அந்தப் பேக்கேஜ் எல்லாம் அங்கே யாரும் இல்லாதவர்களுக்கு. உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பிரெஞ்சு பேசுகிற ஆள் இருக்கிறார், இதை வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் வழியாக ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வருவானேன்? பாரிஸ் மூன்று நாலு நாள் பாருங்கள் (பார்க்காமல் வந்தால் மஞ்சக்குப்பத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள்). அப்புறம் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் தெஜேவே என்கிற அதிவேக ரயில் ஏறி மேற்கே போங்கள். மூன்று மணி நேரத்தில் லோரியான். அது இருக்கும் பகுதிக்குப் பெயர் பிரெத்தாஞ், பிரான்ஸின் மேற்கு மூலையில் அட்லாண்டிக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம்.

சுற்றுலாப் பயணியே போகாத இடம் என்று சொல்லமாட்டேன். ஜூலை, ஆகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர்களே அங்கேதான் குவிகிறார்கள், முக்கியமாக வடகரையில் சேன் மாலோ பக்கம். நம் ஊரிலிருந்து கிளம்பும் டூர்களில்தான் அந்தப் பெயரே வராது. லோரியான் இருக்கும் தென்கரைக்குச் செப்டம்பரில் போனால் நிம்மதி.

ஏன் அங்கே போகச் சொல்கிறேன் என்றால், கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் அங்கே பார்க்க இருப்பது வேறு எந்த ஊர்க்காரருக்கும் கிடையாது. லோரியான் என்கிற ஊரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிறந்தது. 1664-ல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் பிரெஞ்சுக் கம்பெனியைத் தொடங்குகிறார், 1666-ல் இந்தக் கரையில் கப்பல் கட்டும் துறை வருகிறது, 1674-ல் கம்பெனி அதிகாரி பிரான்சுவா மர்தேன் புதுச்சேரியில் வந்து உட்காருகிறார். அதன்பின் நூறு வருஷத்துக்குக் கிட்ட இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கப்பல் ஓடியது, ஒரு பக்கம் போய்ச் சேரவே ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், கப்பல் வந்தது போனது என்கிற பேச்சு அதில் ஓயாது. அப்போது புதுச்சேரியில் கப்பல் கரையைத் தொட முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், துணிப் பொதிகளைச் சலங்கு என்கிற படகுகளில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தப் பொதிகள் இறங்கிய இடம்தான் லோரியான்.

ஆனால் ஊருக்குள் போய்ப் பழைய கட்டடத்தைத் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அங்கே நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பெரிய கான்கிரீட் கொட்டகைகள் கட்டினார்கள். 1943 தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் ஊர் தரைமட்டம், கொட்டகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை! இன்றும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஊர் முழுக்கப் போருக்குப் பின் கட்டியது, அழகு என்று சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் போக வேண்டியது எதிர்க்கரையில் இருக்கும் போர் லூயிக்கு. நகரப் பேருந்து டிக்கெட்டிலேயே படகில் கடந்துவிடலாம். ஸ்பானியர்கள் தொடங்கி பிரெஞ்சுக்காரர்கள் முடித்த கோட்டை ஒன்று அங்கே இருக்கிறது, அதற்குள் கம்பெனி அருங்காட்சியகம். சோழமண்டலக் கரையில் சாயமேற்றிய பருத்தித் துணிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், அவசரப்படாமல் பாருங்கள். இந்தத் துணிக்கு அங்கே அவ்வளவு மோகம். உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்பு போகிறது என்று கூச்சல் போட, அச்சுத்துணியை வாங்கவும் உடுத்தவும் 1686-ல் அரசாங்கமே தடை போட்டது. 1759 வரை தடை இருந்தது. யார் கேட்டார்கள்? கடத்திக் கொண்டுவந்து உடுத்தினார்கள். இன்னொரு கணக்கும் அதே கூடங்களில் இருக்கிறது. இந்தியத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. நம் பக்கத்து அவுரி நீலத் துணிக்கும் அந்தக் கரையில் நல்ல கிராக்கி. நம் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் நாம் தெரிந்துகொண்டு வரலாம்.

கடலூரில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அங்கே சில நாட்களில் ஐந்து மீட்டர். காலையில் மிதந்த படகு மத்தியானம் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். கடல் வற்றும் நேரத்தில் பாட்டி முதல் பேரன் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வாளியும் சின்ன முள்கரண்டியுமாக இறங்கி மட்டி தோண்டுவார்கள். நீங்களும் வேடிக்கை பார்க்க இறங்கலாம், ஆனால் நீரேற்ற நேரப் பட்டியலைப் பார்க்காமல் தூரம் போகாதீர்கள், தண்ணீர் திரும்பும்போது வேகமாக வரும்.

ரயிலில் அரை மணிக்குள் ஓரே, அங்கிருந்து பேருந்தில் கர்னாக். ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் நட்ட பெரிய கற்கள் மூவாயிரம் அளவுக்கு அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. யார் எதற்காக நட்டார்கள் என்பதற்கு இன்றுவரை முடிந்த பதில் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதே கூட்டத்தில்தான் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்து நம் செஞ்சியும் பட்டியலுக்குள் போனது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலிக்குள் போக வழிகாட்டியோடு டிக்கெட் எடுக்க வேண்டும், அக்டோபரில் சும்மாவே நடக்கலாம். குளிர் தாங்குவீர்கள் என்றால் அக்டோபர் முதல் வாரம் மோசமில்லை. மழை எந்த மாதத்திலும் வரும். குடை காற்றில் மடங்கிவிடும், தலைமூடி வைத்த ரெயின்கோட்டாக வாங்குங்கள்.

உங்கள் வீட்டம்மா சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் கல்லில் ஊற்றும் கலெத் என்கிற மெல்லிய தோசைதான் அந்த ஊர்ச் சாப்பாடு, தெருவுக்குத் தெரு கடை உண்டு. 'கொம்ப்ளேத்' என்று கேட்டால் முட்டை, சீஸோடு பன்றி இறைச்சியும் வரும், 'சான் ஜாம்போன்' என்று சேர்த்துச் சொன்னால் இறைச்சி வராது. முட்டையும் கூடாது என்றால் 'சான் எஃப்' என்பதையும் மைத்துனரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் ராத்திரி ஏழுக்குத்தான் திரும்ப ஏற்றுவார்கள், அதற்கிடையில் பசித்தால் பேக்கரிதான். பாரிஸில் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் புளியோதரைப் பொடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உறவினர் வீட்டில் தங்குவதாக விசாவுக்குக் காட்ட, அவர் தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்கிற தங்கவைப்புச் சான்றிதழ் வாங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நாள் பிடிக்கும். லோரியானில் தங்கும் இரவுகளுக்கு ஓட்டல் முன்பதிவும், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தனியாக வேண்டும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மைத்துனருக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள், அங்கே அப்போது சாயங்காலம்தான்.