அலியை வெறுத்தவர்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் தாத்தாவின் சைக்கிள் கடையில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் படம் ஒன்று மாட்டியிருக்கும். பழைய பத்திரிகையில் வெட்டி ஒட்டியது. "உலகமே கும்பிட்ட ஆளுடா" என்று இப்போதும் சொல்வார். போன வாரம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அலி கை நடுங்கத் தீபம் ஏற்றும் வீடியோவைப் பார்த்தேன். அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது அதிர்ச்சியாக இருந்தது. 1960களில் சொந்த நாடே அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறது. அதே நாடு எப்படி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது? நோய் வந்ததால் உண்டான இரக்கமா, அல்லது வெறும் மறதியா? அவருடைய சண்டைகளில் எதை முதலில் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

அலியின் படம் மாட்ட சைக்கிள் கடையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1954-ல் லூயிவில் நகரத்தில் 12 வயதுப் பையனின் சைக்கிள் திருடுபோனது. திருடியவனை அடித்து நொறுக்குவேன் என்று போலீஸ்காரர் ஒருவரிடம் அழுதான். ஜோ மார்ட்டின் என்ற அந்தப் போலீஸ்காரர் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். "முதலில் சண்டை போடக் கற்றுக்கொள்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். தாத்தாவுக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரக்கம்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. பார்கின்சன் நோய் உறுதியானது 1984-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1974 டிசம்பரில், ஜனாதிபதி ஃபோர்டு அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்துவிட்டார். அப்போது அலிக்கு 32 வயது. நாக்கும் கையும் முழு வேகத்தில் இருந்த காலம். ஆக, மாற்றம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

முதலில் அந்த வெறுப்பைப் பார்ப்போம். அலிக்கு முன்னால் அமெரிக்கா நேசித்த கறுப்பு சாம்பியன் ஜோ லூயி. வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அவருக்கு விதியே போட்டு வைத்திருந்தார்கள் அவருடைய ஆட்கள். அந்த இடத்தில் வந்து நின்றார் 22 வயது காசியஸ் கிளே. அலியின் பழைய பெயர் அதுதான். 1964 பிப்ரவரியில் மயாமியில் உலக சாம்பியன் சோனி லிஸ்டனை வென்று, நான்தான் பெரியவன் என்று கயிற்றின்மேல் சாய்ந்து பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பர் இயக்கத்தில் சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, நீங்கள் விரும்புகிறபடி நான் இருக்க வேண்டியதில்லை என்றார். சில நாளில் பெயரும் முகமது அலி என்று மாறியது. பெரிய பத்திரிகைகள் வருடக்கணக்கில் அந்தப் பெயரை அச்சிட மறுத்து 'கிளே' என்றே எழுதின. வெள்ளையர் எல்லாம் பிசாசுகள் என்ற அந்த இயக்கத்தின் பேச்சை அவரும் பேசினார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1975க்குப் பிறகு அவரே அதிலிருந்து விலகி வந்தார்.

ஆனால் வெறுப்பு உச்சத்துக்குப் போனது வியட்நாம் போரால். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 26 இளைஞர்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வைக்க வேண்டும், வைத்தால் சிப்பாய். சடங்கு அவ்வளவுதான். 'காசியஸ் மார்செலஸ் கிளே' என்று கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மறுத்தால் ஐந்து வருடம் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தனியாக அழைத்துப்போய் விளக்கிவிட்டு, திரும்பக் கூட்டிவந்து மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் அசையவில்லை. 25 வயது. 29 சண்டை, 29 வெற்றி. அந்த ஓரடியை வைத்திருந்தால் அநேகமாகத் துப்பாக்கியைத் தொட வேண்டியிருக்காது. லூயி செய்ததுபோல முகாம் முகாமாகப் போய்ச் சிப்பாய்கள் முன் காட்சிச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

அன்றைக்கே நியூயார்க் ஆணையம் அவருடைய குத்துச்சண்டை உரிமத்தை நிறுத்தியது. மற்ற மாநிலங்களும் அதையே செய்தன. ஜூன் 20-ல், ஒரு கறுப்பர்கூட இல்லாத ஜூரி 21 நிமிடத்தில் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைப் பறித்துவிட்டார்கள், வெளிநாட்டில் போய்ச் சண்டை போடவும் வழியில்லை. மூன்றரை வருடம். குத்துச்சண்டைக்காரனுக்கு 25 முதல் 28 வரையிலான வயது ஆடிப்பட்டம் மாதிரி. தவறினால் தவறியதுதான். 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் அவர் மறுபடி ரிங்கில் ஏறியபோது பழைய கால்கள் இல்லை. குத்து வருமுன் நகர்ந்துவிடுகிறவர், அதற்குப் பிறகு குத்தை வாங்கித் தாங்கி ஜெயிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் விலையை முன்கூட்டியே கொடுத்தார், அதுவும் யாரும் திருப்பித் தருவார்கள் என்று தெரியாத நேரத்தில். 1967-ல் போரை எதிர்ப்பது கொஞ்சம் பேரின் பேச்சு. 1968-ல் வியட்நாமில் எதிர்த்தரப்பு நடத்திய டெட் என்ற பெருந்தாக்குதல் வந்தது, 1969-ல் அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்து மக்களைக் கொன்ற மை லாய் படுகொலை வெளியே தெரிந்தது. சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தன. வருமானம் நின்றுபோன அலி கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஹூஸ்டனில் நின்ற இடத்திலேயே நின்றார், நாடு மெல்ல நடந்து அங்கே வந்து சேர்ந்தது. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது, அதுவும் ஒரு சட்ட நுணுக்கத்தைப் பிடித்து. ஊரின் தீர்ப்பு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அட்லாண்டா தீபத்தைப் பார்த்து அழுதவர்களில் ஒரு பகுதியினர், இனிப் பேச முடியாத அலியைத்தான் நேசித்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது, அது எனக்கு வலிக்கவும் செய்கிறது. நோயைக் கொண்டாடி ஹூஸ்டனை மறப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவரைச் சாமியாக்குவதும் அப்படித்தான். தன் நண்பரும் வழிகாட்டியுமான கறுப்பர் தலைவர் மால்கம் எக்ஸை அவர் கைவிட்டார், அது தன் வாழ்வின் பெரிய தவறுகளில் ஒன்று என்று பின்னாளில் எழுதினார். சக குத்துச்சண்டைக்காரர் ஜோ ஃப்ரேசியருக்குச் செய்தது இன்னும் மோசம். அலிக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று வாதாடிய மனிதர் ஃப்ரேசியர். அவரையே வெள்ளையரின் அடிமை என்றும் கொரில்லா என்றும் அலி ஊர் முன்னால் கேலி செய்தார். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காயம் கடைசிவரை முழுதாக ஆறவில்லை.

1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் இன்னொரு குத்துச்சண்டைக்காரர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். தாத்தா அப்போது அங்கே இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்திருந்தால் அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

எந்தச் சண்டையை முதலில் பார்ப்பது? எல்லோரும் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியதைச் சொல்வார்கள். நான் அவர் தோற்றதைச் சொல்வேன். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன், அதே ஃப்ரேசியர். அவரை வெறுத்தவர்கள் வருடக்கணக்கில் ஆசைப்பட்ட காட்சி அன்றைக்குக் கிடைத்தது. 15-வது ரவுண்டில் ஃப்ரேசியர் இடதுகையை வளைத்து வீசிய ஹூக் குத்து தாடையில் இறங்குகிறது. அலி மல்லாந்து விழுகிறார், காலணியில் கட்டிய சிவப்புக் குஞ்சங்கள் மேலே பறக்கின்றன. அந்த அடிக்கு யாராக இருந்தாலும் படுத்தே கிடந்திருப்பார்கள். நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறார். வலது பக்கத் தாடை வீங்கி முகமே கோணியிருக்கிறது, அப்படியே கடைசி மணி அடிக்கும்வரை நின்று சண்டை போடுகிறார். எழுந்த அந்த ஆளை அன்று எத்தனை பேர் முதன்முறையாக வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள்.

அன்புடன்