த்ரெட் முடிந்தது சரி, கணக்கு நேரானதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாம் சி லைப்ரரியில் த்ரெட் கேன்சல் வசதியை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டை வேறொரு த்ரெட் முடிக்கச் சொல்லும் வசதியை, சோதிப்பது பற்றியவை. பெரும்பாலானவை ஒரே இடத்தில் இடறுகின்றன: ஜாயின் (த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) திரும்பி வந்ததும் ‘பாஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்தொகை போடாமல் பேரேட்டை மூடும் கணக்குப்பிள்ளையை நம் ஊரில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். த்ரெட் எந்த இடத்தில் நின்றபோது முடிந்தது, அப்போது அதன் கையில் என்ன இருந்தது, அதெல்லாம் திரும்ப ஒப்படைக்கப்பட்டதா என்று பார்த்தால்தான் அது சோதனை.

வேறு சொல்லாத இடங்களில் லினக்ஸ், எக்ஸ்86-64, ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) என்று கொள்ளுங்கள். ஃபங்ஷன் பெயர்களின் முன்னால் வரும் ‘பித்ரெட்’ என்பதைப் பல இடங்களில் விட்டுவிட்டேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: காலியான பைப்பில் ரீட் செய்யும் த்ரெட்டை உருவாக்கி, ஸ்லீப் 1 கொடுத்துவிட்டு கேன்சல் செய்கிறேன். என் லேப்டாப்பில் எப்போதும் பாஸ். கல்லூரி சர்வரில் மட்டும் சில நேரம் தோற்கிறது.

தம்பி, ஒரு விநாடிக்குள் த்ரெட் ரீட்டுக்குள் போயிருக்கும் என்பது உங்கள் ஊகம்தான். பளு ஏறிய சர்வர் அந்த ஊகத்துக்குக் கட்டுப்படாது. அதைவிடப் பெரிய சிக்கல், இதில் இரண்டு வேறு சோதனைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கேன்சல் கோரிக்கை முன்பே வந்து காத்திருக்க, த்ரெட் பிறகு ரீட்டை அழைப்பது ஒன்று. ரீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் த்ரெட்டைத் தட்டி எழுப்பி முடிப்பது மற்றொன்று. லைப்ரரிக்குள் இரண்டுக்கும் பாதை வேறு. எனவே இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

முதல் வகைக்கு 2 பேருக்கான பேரியர் (இருவரும் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்கும் தடுப்பு) ஒன்று போதும். த்ரெட் அதில் அடுத்தடுத்து இரண்டு முறை காத்திருக்கட்டும். முதல் முறை தாண்டியதும் மெயின் கேன்சலை அனுப்பிவிட்டு, இரண்டாம் முறைக்கு வந்து சேரட்டும். பேரியர் கேன்சல் பாயின்ட் (காத்திருக்கும் கேன்சல் கோரிக்கையை த்ரெட் ஏற்று முடியும் இடம்) அல்ல. ஆகவே த்ரெட் அங்கே சாகாது, ரீட்டின் வாசலில்தான் முடியும். இங்கே பைப்பைக் காலியாக விடாதீர்கள், ஒரு பைட் போட்டு வையுங்கள். கோரிக்கை முன்பே காத்திருப்பதால் ரீட் அந்த பைட்டைத் தொடவே கூடாது. ஜாயினுக்குப் பிறகு ஃபியோன்ரீட் (பைப்பில் இன்னும் எத்தனை பைட் என்ற கேள்வி) கேட்டால் 1 வர வேண்டும். 0 வந்தால் த்ரெட் சரியாக முடிந்தது போலத் தெரிந்தாலும் தரவு தொலைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் வகையில் த்ரெட் உண்மையிலேயே ரீட்டுக்குள் உறங்குகிறது என்று தெரிய வேண்டும். த்ரெட் கெட்டிட் அழைத்துத் தன் எண்ணை ஒரு மாறியில் எழுதிவிட்டு பேரியருக்கு வரட்டும். அதன்பின் மெயின், /ப்ராக்/செல்ஃப்/டாஸ்க் கீழே அந்த எண்ணுள்ள கோப்பகத்தில் ‘சிஸ்கால்’ என்ற கோப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கட்டும். ‘ஸ்டாட்’ கோப்பில் உறக்கநிலை எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பேரியருக்குள் உறங்கும் த்ரெட்டும் அங்கே அதே எழுத்தைத்தான் காட்டும். ‘சிஸ்கால்’ கோப்பில் முதல் எண் சிஸ்டம் காலின் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண். ரீட் என்றால் 0, பேரியர் பயன்படுத்தும் ஃப்யூடெக்ஸ் என்றால் 202. அடுத்து வருவது முதல் ஆர்க்யுமென்ட். அது உங்கள் பைப்பின் டிஸ்கிரிப்டரா (திறந்த கோப்புக்கோ பைப்புக்கோ கெர்னல் தரும் எண்) என்றும் சரிபாருங்கள். ஆர்ம் 64-பிட்டில் ரீட்டின் எண் 63, ஆகவே எண்ணை நேராக எழுதாமல் ஹெடரிலிருக்கும் மாறிலியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு பொறி: கேன்சல் ஆன த்ரெட்டுக்கு ஜாயின் தரும் மதிப்பு ஜிலிப்சியில் -1 என்ற பாயின்டர். உங்கள் த்ரெட் ஃபங்ஷனும் பிழை நேர்ந்தால் -1 திருப்புகிறது என்றால், ரீட் பிழையாகி வந்ததையும் கேன்சல் ஆனதையும் பிரித்தறிய முடியாது. சாதாரணமாகத் திரும்பினால் 1, பிழையானால் 2 என்று வேறு மதிப்புகள் கொடுங்கள்.

தேவகோட்டை: கோப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் த்ரெட்டை கேன்சல் செய்யும் சோதனை. ஒவ்வொரு சுற்றும் பாஸ். ஆனால் நெடுநேரம் ஓடியபின் ‘திறந்த கோப்புகள் மிக அதிகம்’ என்று நின்றுவிடுகிறது.

ஒரு செயல்முறைக்கு வழக்கமான மென் வரம்பு 1024 டிஸ்கிரிப்டர். சுற்றுக்குச் சுற்று ஒன்றிரண்டு கசிந்து அங்கே போய் முட்டியிருக்கிறது. கசிவுக்குக் காரணம் உங்கள் நிரலாகவும் இருக்கலாம், லைப்ரரியாகவும் இருக்கலாம். முதலில் உங்கள் பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

குளோஸும் ஒரு கேன்சல் பாயின்ட். ஓப்பன் முடிந்து, குளோஸை அழைப்பதற்குள் கோரிக்கை வந்தால், குளோஸ் வேலையைத் தொடங்காமலே த்ரெட் முடிந்துவிடும். கோப்பு திறந்தே கிடக்கும். லைப்ரரிமேல் பழி போட இதில் இடமில்லை. எனவே ஓப்பன் திரும்பியதுமே செட்கேன்சல்ஸ்டேட்டால் கேன்சலை முடக்குங்கள், குளோஸ் செய்யுங்கள், பிறகு கேன்சலை மறுபடி அனுமதியுங்கள். ஓப்பன் திரும்புவதற்கும் முடக்குவதற்கும் இடையே கேன்சல் பாயின்ட் எதுவும் இல்லை. ஆகவே டெஃபர்டு முறையில் (கேன்சல் பாயின்ட்டில் மட்டும் முடியும் இயல்பான முறை) அந்த இடைவெளி பாதுகாப்பானது.

இவ்வளவுக்குப் பிறகும் கசிந்தால் லைப்ரரியைச் சந்தேகிக்கலாம். ஜிலிப்சியின் பிழைப் பட்டியலில் 12683 என்ற எண்ணில் நெடுங்காலம் திறந்திருந்த பிழை இது. பழைய முறை இப்படி: சிஸ்டம் காலுக்கு முன் த்ரெட்டை அசிங்க்ரனஸ் வகைக்கு (எந்த இடத்திலும் உடனே முடியலாம் என்ற வகை) மாற்றுவது, காலை அழைப்பது, திரும்பியதும் பழைய வகைக்கு மாற்றுவது. கெர்னல் கோப்பைத் திறந்து எண்ணை ரெஜிஸ்டரில் வைத்துவிட்டது. வகையைத் திருப்பி மாற்றும் முன் கேன்சலுக்கான சிக்னல் வந்துவிட்டது என்று வையுங்கள். த்ரெட் அங்கேயே முடியும், அந்த எண்ணை அறிந்தவர் யாரும் இல்லை. மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரி வேறு வழி பிடித்தது: சிக்னல் ஹேண்ட்லர், நிரல் எந்த முகவரியில் நிற்கிறது என்று பார்க்கும். சிஸ்டம் கால் கட்டளைக்கு முன் அல்லது அதற்குள் நின்றால் மட்டும் கேன்சல். வேலையை முடித்துத் தாண்டிவிட்டால் விட்டுவிடும், அடுத்த பாயின்ட்டில் பார்த்துக்கொள்ளும். ஜிலிப்சியும் 2025-இல் வெளியான 2.41 பதிப்பில் இந்த வழிக்கு வந்துவிட்டது. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஓடும் பழைய லினக்ஸ்களில் பழைய பதிப்புதான் இருக்கும். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கசிவைப் பிடிக்க ஒரு சிக்கனமான வழி உண்டு. புதிய டிஸ்கிரிப்டர் எப்போதும் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணையே பெறும் என்பது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) விதி. ஒவ்வொரு ஜாயினுக்குப் பிறகும் டப் 0 அழைத்து, வந்த எண்ணைக் குறித்து, மூடிவிடுங்கள். முதல் சுற்றில் 3 வந்தால் கடைசிச் சுற்றிலும் 3 வர வேண்டும். 4 வந்த சுற்றில் நிறுத்திப் பாருங்கள். இடைவெளி மிகச் சிறியது, பத்துச் சுற்றில் சிக்காது. ஒரு லட்சம் சுற்றாவது ஓட்டுங்கள், கேன்சல் அனுப்பும் நேரத்தையும் சுற்றுக்குச் சுற்று மாற்றுங்கள்.

பள்ளத்தூர்: கண்ட்_வெயிட்டில் (நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கும் அழைப்பு) இருந்த த்ரெட்டை கேன்சல் செய்தேன். அது முடிந்தது. ஆனால் மற்ற எல்லா த்ரெட்டும் உறைந்து நிற்கின்றன.

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே முடிந்திருக்கிறது. வெயிட்டுக்குள் இருக்கும்போது மியூடெக்ஸ் என்ற அந்தப் பூட்டு விடுபட்டிருக்கும் என்பது சரிதான். கேன்சல் ஆகும்போது, முதல் கிளீனப் ஹேண்ட்லர் (த்ரெட் முடியும்போது ஓட நீங்கள் பதியும் ஃபங்ஷன்) ஓடுவதற்கு முன் மியூடெக்ஸ் மறுபடி பூட்டப்படும்; போசிக்ஸ் அப்படித்தான் சொல்கிறது. ஹேண்ட்லர் அதைத் திறக்காவிட்டால் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். வெயிட்டுக்கு முன் கிளீனப்_புஷ் கொடுத்து, அன்லாக் செய்யும் ஹேண்ட்லரைப் பதியுங்கள். அந்த ஹேண்ட்லருக்குள் ‘பாதுகாப்புக்காக’ மறுபடி லாக் போடுபவர்களும் உண்டு; சாதாரண மியூடெக்ஸில் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

ஜாயினுக்குப் பிறகு ட்ரைலாக் (காத்திராமல் பூட்டிப் பார்ப்பது) செய்தால் 0 வர வேண்டும். 16, அதாவது ஈபிஸி, வந்தால் பூட்டு விடப்படவில்லை. லைப்ரரியைச் சோதிப்பவர் ஹேண்ட்லருக்குள்ளேயே ஒரு ட்ரைலாக் போடலாம். அங்கே 16 வருவதுதான் சரி. புஷ், பாப் இரண்டும் ஒரே அடைப்புக்குறித் தொகுதிக்குள் இருக்க வேண்டும், நடுவில் ரிட்டர்ன் கூடாது.

கோட்டையூர்: மியூடெக்ஸ் லாக்கில் காத்திருக்கும் த்ரெட் கேன்சலை மதிக்கவே இல்லை. லைப்ரரி பிழையா?

இல்லை. மியூடெக்ஸ் லாக் கேன்சல் பாயின்ட் அல்ல. கணக்கு மட்டும் போட்டுக்கொண்டு சுழலும் லூப்பும் அப்படியே. முகப்பில் நின்று கூப்பிட்டால் இரண்டாங்கட்டில் அரைத்துக்கொண்டிருப்பவருக்குக் கேட்காது. நிலைவாசலுக்கு வந்தால்தான் சேதி சேரும். லூப்பில் சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை டெஸ்ட்கேன்சல் அழையுங்கள். லாக் கேன்சல் ஆகக் கூடாது என்பதற்கும் ஒரு சோதனை எழுதுங்கள். பலர் அதை எழுதுவதே இல்லை.

கானாடுகாத்தான்: அப்படியானால் அசிங்க்ரனஸ் வகைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததே?

சிக்கல் அங்கேதான் தொடங்கும். அந்த வகையில் பாதுகாப்பாக அழைக்க போசிக்ஸ் உறுதி தரும் ஃபங்ஷன்கள் மூன்றே: கேன்சல், செட்கேன்சல்ஸ்டேட், செட்கேன்சல்டைப். நினைவகம் ஒதுக்கும் மாலாக் அதில் இல்லை, பிரிண்ட்எஃப் இல்லை. ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி அச்சை எடுத்த கையோடு, கலவை போடும் முன் ஆளை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கல் என்னவாகும்? மாலாக்கின் உள்பட்டியலும் அதே கதிதான். பூட்டும் விடப்படாமல் இருக்கலாம். அடுத்த மாலாக் வேறொரு த்ரெட்டில் தொங்கும், நீங்கள் அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள். வெறும் கணக்கு லூப்புக்கு மட்டும் இந்த வகை சரி.

காரைக்குடி, செக்காலை: சிறிய சிரூட்டுக்குள் (ஒரு கோப்பகத்துக்கு வெளியே எதையும் பார்க்க விடாத அடைப்பு) நிரலை ஓட்டினால், கேன்சல் அழைத்ததும் லிப்ஜிசிசி_எஸ் வேண்டும் என்று சொல்லி அபார்ட் ஆகிறது. நான் அதை லிங்க் செய்யவே இல்லையே?

நீங்கள் செய்யவில்லை, ஜிலிப்சி செய்கிறது. கேன்சலின்போது ஸ்டாக்கைப் படிப்படியாகப் பிரித்துக்கொண்டு போகும் வேலை அந்த லைப்ரரியில்தான் இருக்கிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது ஏற்றப்படும். சிரூட்டுக்குள் அந்தக் கோப்பு இல்லாவிட்டால் அபார்ட். ஷெல்லில் 134 என்ற வெளியேற்ற எண் தெரிவது இதனால்தான். கோப்பை உள்ளே நகலெடுத்து வையுங்கள். முடியாதென்றால், சிரூட்டுக்குள் போகும் முன்பே ஒரு வெற்று த்ரெட்டை உருவாக்கி கேன்சல் செய்து ஜாயின் செய்துவிடுங்கள். லைப்ரரி அப்போதே ஏறிவிடும். மஸ்லில் இந்தத் தேவை இல்லை. அது கிளீனப் ஹேண்ட்லர் பட்டியலை மட்டும் ஓட்டும்.

இதனோடு ஒட்டிய இரண்டு செய்தி. ஜிசிசி கம்பைலரின் ‘கிளீனப்’ அட்ரிபியூட்டை நம்பி எழுதிய சி நிரலை எஃப்-எக்ஸெப்ஷன்ஸ் கொடியோடு கம்பைல் செய்யாவிட்டால், கேன்சலின்போது அந்த ஃபங்ஷன்கள் ஓடாது. சி++ நிரலில் எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச், பிடித்ததைத் திரும்ப எறியாவிட்டால் ஜிலிப்சி முழுச் செயல்முறையையும் அபார்ட் செய்துவிடும்.

கண்டனூர்: கில்-எல் காட்டும் சிக்னல் பட்டியலில் 31-க்குப் பிறகு 34 வருகிறது. 32, 33 எங்கே?

ஜிலிப்சி தனக்கென எடுத்துக்கொண்டது. 32 கேன்சலுக்கு, 33 எல்லா த்ரெட்டிலும் பயனர் அடையாளத்தை மாற்றுவதற்கு. பித்ரெட்_சிக்மாஸ்க்கில் எல்லாச் சிக்னலையும் அடைக்கச் சொன்னாலும் இந்த இரண்டையும் லைப்ரரி சத்தமில்லாமல் விலக்கிவிடும். நேரடி சிஸ்டம் கால் மூலம் அடைத்தால் மட்டும் இவையும் அடைபடும். அப்போது உறங்கும் த்ரெட் எழாது.

புதுவயல்: கேன்சல் வேலை செய்யாவிட்டால் ஜாயினில் சோதனையே தொங்கிவிடுகிறது. ஜிலிப்சியின் சொந்தச் சோதனைகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள்?

தனியாக எழுதுவதானால் டைம்ட்ஜாயின்_என்பி பயன்படுத்துங்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது ‘5 விநாடி’ அல்ல, இப்போதைய நேரத்தோடு 5 சேர்த்த முழு நேரம். வெறும் 5 கொடுத்தால் 1970-ஐக் குறிக்கும். உடனே காலாவதி என்று திரும்பும்.

ஜிலிப்சி மூலநிரலில் ‘சப்போர்ட்’ கோப்பகத்தின் டெஸ்ட் டிரைவர் இதைச் செய்கிறது. 20 விநாடி இயல்பான கெடு; தாண்டினால் சோதனையைக் கொன்று தோல்வி என்று எழுதும். கியூஈஎம்யு எமுலேட்டர் போன்ற மெதுவான இடங்களில் டைம்அவுட்ஃபேக்டர் என்ற சூழல் மாறியை 10 ஆக வைத்தால் கெடு பத்து மடங்காகும். வெளியேற்ற எண் 0 பாஸ், 1 தோல்வி, 77 என்றால் இந்தக் கணினியில் இச்சோதனைக்கு வழியில்லை. கேன்சல் பாயின்ட்களை வரிசையாகச் சோதிப்பது என்பிடிஎல் கோப்பகத்திலுள்ள டிஎஸ்டி-கேன்சல்4. மேக் டெஸ்ட் கட்டளையில் டி என்ற மாறிக்கு அதன் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் ஓடும். முடிவு, பில்ட் கோப்பகத்தில் .அவுட் என்று முடியும் கோப்பில் இருக்கும்.

பள்ளத்தூர், அதே வாசகர்: ஆண்ட்ராய்டில் கேன்சல் ஃபங்ஷனே கிடைக்கவில்லை.

ஆண்ட்ராய்டின் சி லைப்ரரியான பயானிக்கில் அது கிடையாது. ஒரு பைப்பையோ ஈவென்ட்எஃப்டியையோ த்ரெட் ‘போல்’ ஃபங்ஷனால் கவனிக்கும் பட்டியலில் சேருங்கள். நிறுத்த வேண்டும்போது அதில் எழுதுங்கள், த்ரெட் தானே எழுந்து, கையிலிருப்பதை வைத்துவிட்டு ரிட்டர்ன் செய்யும். லினக்ஸிலும் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் இதையே எழுதுங்கள் என்பேன்.