வாக்குரிமை கேட்ட அஞ்சலட்டைகள்

கேள்வி: பெண்கள் வாக்குரிமைப் போராட்டக் காலத்து அஞ்சலட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். எதிர்ப்பாளர்கள் வெளியிட்ட கேலி அட்டைகளையும் வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டறிவது?

பதில்: அவசியம் வாங்குங்கள், அவை இல்லாத தொகுப்பு பாதிக் கதையைத்தான் சொல்லும். 1909இல் நியூயார்க்கின் டன்ஸ்டன்-வைலர் நிறுவனம் வெளியிட்ட 12 வண்ண அட்டைகளுள் ஒன்றில், ஆண் ஒருவர் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டுகிறார். அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாதா படத்து ஒளிவட்டம் போலத் தெரிகிறது. பெண்ணுக்கு வாக்குரிமை அளித்தால் ஆணின் கதி இதுதான் என்று அச்சுறுத்த வந்த அந்த அட்டை, பிள்ளை வளர்ப்பையே இழிவாக எண்ணிய மனத்தை இன்று நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. லண்டனிலோ, அதே ஆண்டில் தொடங்கப்பட்ட சஃப்ரேஜ் அட்டெலியே என்னும் கலைஞர் அமைப்பு, அச்சுக்கட்டைகளைச் செதுக்கி, போராட்டத்துக்கு ஆதரவான அட்டைகளைக் கையாலேயே அச்சிட்டது. என் மனம் இவற்றின் பக்கமே சாய்கிறது.

ஒளிப்படத்தாளில் எடுத்த அசல் அட்டை என்று யாரேனும் விற்றால், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அச்சுப்புள்ளிகள் தெரிந்தால் அது ஒளிப்படமன்று, அச்சுப்படியே. பின்புறத்து அஞ்சல் முத்திரையின் தேதியையும் படியுங்கள். அங்கே எழுதப்பட்ட நலவிசாரிப்பு மங்கியிருந்தாலும் அதை அழிக்க வேண்டாம். அட்டையின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது.